மென்காதல் நாவல்கள்: ரசித்துப் படிக்கவும் இதமாக விமர்சிக்கவும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எதை மென்காதல் நாவல் என்கிறீர்கள்?

கதையைத் தாங்கி நிற்பது காதல். கடைசி அத்தியாயத்தில் இருவரும் சேர்ந்துவிடுவார்கள். படுக்கையறைக் கதவு வாசகர் உள்ளே வருவதற்குள் சாத்தப்பட்டுவிடும். இந்த மூன்றும் இருந்தால் அது மென்காதல் நாவல். இருவரில் ஒருவர் இறந்துபோனால் அருமையான காதல் கதையாக இருக்கலாம், ஆனால் இந்த வகையில் சேராது.

தமிழில் இதற்குக் 'குடும்ப நாவல்' என்ற பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காரணம் எளிது. நம் கதைகளில் நாயகனும் நாயகியும் தனியாக இருக்கும் பக்கங்களே குறைவு. அடுக்களையில் அத்தை, திண்ணையில் தாத்தா, மாடிப்படியில் ஒட்டுக்கேட்கும் நாத்தனார். இத்தனை பேருக்கு நடுவே ஒரு காபி டம்ளரைக் கைமாற்றும்போது விரல் படுவதுதான் நமக்குக் காதல் காட்சி.

புதிதாகப் படிக்க வருபவர் எங்கே தொடங்கலாம்?

பேருந்து நிலையக் கடையில் தொங்கும் மாத நாவலில் தொடங்கலாம். ஒரே மூச்சில் முடித்துவிடலாம், விலையும் குறைவு. வாடகை நூலகம் இன்னும் இருக்கும் ஊர் என்றால் அதைவிட நல்லது. முன்பணம் கட்டி உறுப்பினராகிவிட்டால் புத்தக விலையில் ஒரு சிறு பங்குதான் வாடகை, அலமாரி முன் நின்று இரண்டு பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டு எடுக்கலாம். அமேசானின் மின்நூல் தளமான கிண்டிலில் 2016 டிசம்பரிலிருந்து தமிழ்ப் புத்தகங்கள் கிடைக்கின்றன. எந்தப் புத்தகத்துக்கும் தொடக்கப் பக்கங்களை மாதிரியாக இலவசமாக இறக்கிப் பார்க்கலாம். பிரதிலிபி என்ற இணையக் கதைத் தளத்திலும் எழுத்தாளர்கள் தாங்களே நடத்தும் தளங்களிலும் அத்தியாயம் அத்தியாயமாகத் தொடர்கள் ஓடுகின்றன. கண்ணுக்கு ஓய்வு வேண்டுமென்றால் ஆடியோ நாவல்.

எதில் தொடங்கினாலும் முதலில் ஒரு சின்ன நாவலையே எடுங்கள். எழுபது எபி (எபிசோட், அதாவது அத்தியாயம்) ஓடும் கதையில் தொடங்கிப் பாதியில் அலுத்துப்போய், 'இந்த வகையே எனக்கு ஒத்துவராது' என்று முடிவு கட்டியவர்கள் நிறையப் பேர்.

முடிந்த கதையைப் படிப்பது நல்லதா, ஓடிக்கொண்டிருக்கும் கதையையா?

இரண்டும் வேறு வேறு இன்பம். ஓடும் கதையில் ஒவ்வொரு யூடிக்கும் (அப்டேட், அதாவது அடுத்த பகுதி) காத்திருப்பது, அடுத்து என்ன ஆகும் என்று கருத்துப் பெட்டியில் மல்லுக்கட்டுவது, எழுத்தாளர் போடும் டீசரை வைத்துக் கணக்குப் போடுவது எல்லாம் கதையோடு சேர்ந்தவை. ஆனால் அது நின்றுபோகும் அபாயம் உண்டு. வேலை, உடல்நிலை, குழந்தைகளின் தேர்வு என்று எழுத்தாளருக்கும் வீடு இருக்கிறது. பொறுமை இல்லாதவர்கள் 'முடிந்தது' என்ற குறிப்புள்ள கதைகளையே தேடுவது எல்லோருக்கும் நல்லது. 'அடுத்த யூடி எப்போ?' என்று மட்டும் நாளைக்கு நான்கு முறை கேட்பது வாசிப்பும் இல்லை, விமர்சனமும் இல்லை.

நேரத்தைக் கணக்கிட ஒரு வழி: ஒரு எபி படிக்க உங்களுக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். எட்டு நிமிடம் என்றால் 60 எபி கதைக்கு எட்டு மணி நேரம். இரவு பத்து மணிக்குத் தொடங்கும் முன் இது தெரிந்திருப்பது நல்லது.

முடிவுதான் தெரிந்ததாயிற்றே, பிறகு எதைப் படிப்பது?

இந்தக் கேள்விக்கு நம் கையில் இரண்டாயிரம் ஆண்டுப் பழைய விடை இருக்கிறது. அகப்பாடல்களில் தலைவன் தலைவிக்குப் பெயர்கூடக் கிடையாது. நடப்பதும் ஐந்தே: புணர்தல், இருத்தல், ஊடல், இரங்கல், பிரிதல். அதாவது குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை. இந்த ஐந்தையும் வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான புலவர்கள் பாடினார்கள். யாரும் 'முடிவு தெரிந்துவிட்டதே' என்று ஓலையை மூடி வைக்கவில்லை.

மென்காதல் நாவலைப் படிக்கும்போது இந்த ஐந்தையும் மனதில் வைத்துக்கொண்டால் கதையின் கட்டுமானம் பளிச்சென்று தெரியும். எழுத்தாளர் எந்தத் திணையில் அதிகப் பக்கம் செலவிடுகிறார்? சிலருக்கு ஊடல் கைவந்த கலை: வாய்ச்சண்டை அபாரமாக இருக்கும், சேர்ந்த பிறகு கதை சப்பென்று ஆகிவிடும். சிலர் முல்லையில் கெட்டிக்காரர்கள். கணவன் வெளிநாட்டில், மனைவி மாமியார் வீட்டில் என்று வைத்து, காத்திருப்பை மட்டுமே வைத்து இருபது அத்தியாயம் நகர்த்திவிடுவார்கள்.

களவு, கற்பு என்ற பழைய பிரிவும் உதவும். திருமணத்துக்கு முந்திய காதல் களவு, பிந்தியது கற்பு. தமிழ்க் குடும்ப நாவல்களுக்கு மிகவும் பிடித்த கரு இரண்டையும் தலைகீழாக்குகிறது: தாலி முதலில், காதல் பிறகு. மணமேடையில் மாப்பிள்ளை ஓடிப்போக வேறொருவன் தாலி கட்டுவது, ஒப்பந்தக் கல்யாணம், தாத்தாவின் கடைசி ஆசைக்காக முறைப்பெண்ணைக் கட்டுவது எல்லாம் இந்த ரகம். ஊரறிந்த கணவன் மனைவி, வீட்டுக்குள் ஒருவரையொருவர் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொள்வார்கள். கற்புக்குள் களவு. அந்தச் சுவைக்காகத்தான் இந்தக் கரு எத்தனை முறை வந்தாலும் விலை போகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள்: அறத்தொடு நிற்றல். தலைவியின் காதலைத் தோழி செவிலிக்கும் (வளர்ப்புத் தாய்), செவிலி நற்றாய்க்கும் (பெற்ற தாய்) சொல்லி வீட்டுக்குத் தெரியவைப்பது. இன்றைய நாவலில் அந்த வேலையைப் பாட்டியோ அண்ணியோ செய்கிறார்கள். அந்தக் காட்சி நன்றாக அமைந்துவிட்டால் நாவலே தூக்கி நிற்கும். விமர்சனம் எழுதுபவர்கள் பெரும்பாலும் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகும் இடமும் அதுதான்.

'தவறான புரிதல்' வந்தாலே எரிச்சலாக இருக்கிறதே?

ஊடல் உப்பு மாதிரி, கொஞ்சம் கூடினாலும் கெட்டுவிடும் என்று வள்ளுவர் 1302ஆம் குறளில் அளவே சொல்லிவிட்டார். பிரச்சினை தவறான புரிதலில் இல்லை, அதன் நீளத்திலும் காரணத்திலும் இருக்கிறது. ஒரு சோதனை செய்து பாருங்கள்: இருவரும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசினால் அந்தச் சிக்கல் தீர்ந்துவிடுமா? தீர்ந்துவிடும் என்றால், அவர்கள் ஏன் பேசவில்லை என்பதற்குக் கதையில் காரணம் இருக்க வேண்டும். அவள் வாங்கிய சத்தியம், அவனுடைய பழைய காயம், வீட்டில் ஒரு நிமிடமும் தனிமை கிடைக்காதது, எதுவாகவும் இருக்கலாம். காரணம் இருந்தால் பதினைந்து அத்தியாயம்கூடத் தாங்கும். இல்லையென்றால் மூன்றாவதிலேயே கசந்துவிடும். 'எரிச்சலாக இருந்தது' என்று எழுதுவதற்குப் பதில், 'அவள் கடிதத்தைப் படிக்காமல் கிழித்ததற்குக் காரணம் சொல்லியிருந்தால் அடுத்த பத்து எபியும் கூடவே அழுதிருப்போம்' என்று எழுதினால் எழுத்தாளருக்கு எந்த இடம் என்று தெரியும்.

ஆன்ட்டி ஹீரோ (நல்லவன் என்று சொல்ல முடியாத நாயகன்) கதையை இந்த வகையில் சேர்க்கலாமா?

முரட்டுப் பேச்சு, முன்கோபம், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது இவையெல்லாம் சேரும். அறைவது, அடைத்து வைப்பது, விருப்பமில்லாமல் தொடுவது சேராது, பின்னால் எத்தனை எபி மன்னிப்புக் கேட்டாலும். எழுத்தாளர் தொடக்கத்திலேயே 'இது ஆன்ட்டி ஹீரோ கதை' என்று எச்சரித்திருந்தால் அவர் ஏமாற்றவில்லை. உங்களுக்குப் பிடிக்காவிட்டால் விலகிக்கொள்ளலாம். எச்சரிக்காமல் இனிப்பான அட்டைப்படம் போட்டு உள்ளே வன்முறை வைத்திருந்தால் அதை விமர்சனத்தில் தெளிவாகச் சொல்வது அடுத்த வாசகருக்குச் செய்யும் உதவி. இதமாக எழுதுவது என்பதற்காக இதை மழுப்பக் கூடாது.

இதெல்லாம் இலக்கியமா என்று கேட்பவர்களுக்கு என்ன சொல்வது?

ஒன்றும் சொல்ல வேண்டாம். வற்புறுத்திக் கேட்டால், லட்சுமி என்ற பெயரில் ஏராளமான குடும்பக் கதைகள் எழுதிய மருத்துவர் திரிபுரசுந்தரிக்கு 1984இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்ததை நினைவூட்டலாம்.

விமர்சனம் எழுதுவதற்கென்று எப்படிப் படிப்பது?

முதல் வாசிப்பில் பேனாவைத் தொடாதீர்கள். சுகமாகப் படியுங்கள். சிரித்த இடம், கண் கலங்கிய இடம், புரட்டித் தள்ளிய இடம், இவற்றின் அத்தியாய எண்ணை மட்டும் கைபேசியில் குறித்துக்கொள்ளுங்கள். முடித்த அன்றே எழுத உட்கார வேண்டாம், ஒரு இரவு போகட்டும். மறுநாள் எந்தக் காட்சி தானாக நினைவுக்கு வருகிறதோ அதுதான் உங்கள் விமர்சனத்தின் நடுப்புள்ளி.

பிறகு அந்த மூன்று நான்கு அத்தியாயங்களை மட்டும் திரும்பப் படியுங்கள். இப்போது பார்க்க வேண்டியது: அந்தக் காட்சி ஏன் வேலை செய்தது? வசனத்தாலா, அதற்கு முன் இரண்டு எபியில் விதைத்து வைத்த ஒரு சிறு விஷயத்தாலா? வட்டார வழக்கு உண்மையாக இருக்கிறதா? கோயம்புத்தூர்க்காரர் பேச்சில் 'ங்க' வருவது மட்டும் கொங்குத் தமிழ் ஆகிவிடாது. நாயகியின் வேலை பெயருக்கு இருக்கிறதா, அவள் நிஜமாகவே அலுவலகம் போய் அலுத்து வருகிறாளா?

எழுதும் முன் ஒரே ஒரு கேள்விக்கு விடை கண்டுவிடுங்கள்: இந்தக் கதை எதைத் தருகிறேன் என்று சொன்னது, அதைத் தந்ததா? இதமான விமர்சனம் முழுக்க இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. கூட்டுக் குடும்பக் கலகலப்பு தருகிறேன் என்று வந்த நாவலில் சமூக அலசல் இல்லையே என்று குறைபடுவது, இட்லிக் கடையில் பிரியாணி கேட்பது.

எவ்வளவு எழுதலாம், எந்த வரிசையில்?

120 முதல் 150 சொற்கள் போதும். முதலில் கரு, இரண்டு வரி. அடுத்து கதையின் சுவை: சிரிப்பா, உருக்கமா, மெதுவாக நகருமா. பிறகு உங்களுக்குப் பிடித்த ஒரு காட்சி, குறிப்பாக. பிறகு ஒரு குறை. கடைசியாக, யாருக்குப் பிடிக்கும். மாதிரிக்கு, இல்லாத ஒரு நாவலுக்கு இன்னும் சுருக்கமாக எழுதினால் இப்படி வரும்:

'கும்பகோணத்தில் பித்தளைப் பாத்திரக் கடை நடத்தும் நாயகன், கணக்கு எழுத வரும் நாயகி. இருவருக்கும் சண்டை முழுக்க ரசீதுகளிலேயே நடக்கிறது. மெதுவான கதை, கத்தல் கதறல் இல்லை. கடனைத் திருப்பிக் கேட்க வந்தவரிடம் நாயகி கடைக்காகப் பேசும் 14ஆம் அத்தியாயத்தில், அவன் முதல்முறையாக அவளை 'நீங்க' என்று அழைக்கும் இடம் அழகு. சித்தப்பாவின் மனமாற்றம் ஒரே பக்கத்தில் முடிந்துவிட்டது. அவருக்கு இன்னொரு காட்சி இருந்திருக்கலாம். முத்தக் காட்சிகூட இல்லை, வீட்டில் எல்லோரும் படிக்கலாம். அடிதடி, திருப்பம் வேண்டுபவர்களுக்கு இது ஒத்துவராது.'

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். யாருக்கு ஒத்துவராது என்று சொல்வது எழுத்தாளருக்குக் கெடுதல் இல்லை. தப்பான வாசகர் வாங்கித் திட்டுவதை அது தடுக்கிறது.

'சூப்பர் சிஸ்', இதயக் குறி, இதெல்லாம் போதாதா?

ஓடும் தொடருக்குத் தாராளமாகப் போதும். இரவு பதினோரு மணிக்கு எபி போட்டுவிட்டுக் காத்திருக்கும் எழுத்தாளருக்கு அந்த ஒரு இதயம் பெரிய தெம்பு. இதுவரை ஒன்றும் சொல்லாமல் படித்துவந்த சைலண்ட் ரீடர் என்றால், ஒரு வரி போதும், ஆனால் அந்த எபிக்கே உரிய வரியாக இருக்கட்டும்: 'தாத்தா வெற்றிலைப் பெட்டியை நீட்டினது சூப்பர்.' முடிந்த நாவலுக்கு மட்டும் இது போதாது. வாங்கலாமா என்று யோசிப்பவருக்கு 'சூப்பர்' என்பதில் எந்தச் செய்தியும் இல்லை.

குறையைச் சொன்னால் மனம் நோகாதா?

எதைக் குறை சொல்கிறோம் என்பதைப் பொறுத்தது. காட்சியைச் சொல்லலாம், ஆளைச் சொல்லக் கூடாது. 'உங்களுக்கு ஆபீஸ் வாழ்க்கையே தெரியாது போல' என்பது ஆளைப் பற்றியது. 'சேர்ந்த முதல் நாளே அவளை மேனேஜர் ஆக்கியது நம்பும்படி இல்லை' என்பது காட்சியைப் பற்றியது. 'எப்போதும்', 'எல்லாக் கதையிலும்' போன்ற சொற்களை வெட்டிவிடுங்கள். ஒரு புத்தகத்துக்கு எழுதும்போது அந்த ஒரு புத்தகம் மட்டும். வேறொரு பிரபல எழுத்தாளரோடு ஒப்பிடுவதும் வேண்டாம், புகழ்ச்சியாக இருந்தாலும்கூட. 'அவங்களை மாதிரியே எழுதுறீங்க' என்பதைப் பாராட்டாக நினைத்துத்தான் சொல்கிறார்கள், கேட்பவருக்கு அது 'உங்களுக்கென்று ஒன்றும் இல்லை' என்று காதில் விழுகிறது.

முதல் நாவல் எழுதியவர் என்றால் ஒரே ஒரு குறையோடு நிறுத்துங்கள், அவர் அடுத்த கதையில் திருத்திக்கொள்ளக்கூடிய குறையாகப் பார்த்து.

எழுத்துப்பிழைகளைச் சொல்ல வேண்டுமா?

சொல்ல வேண்டும், ஆனால் பொதுவில் பட்டியல் போட வேண்டாம். தனிச்செய்தியில் அத்தியாய எண்ணோடு ஐந்தாறு அனுப்பினால் பெரும்பாலோர் நன்றியோடு திருத்துவார்கள். கைபேசியில் தட்டச்சு செய்வதாலும் பேசி எழுதவைப்பதாலும் ண, ன, ந குழப்பமும் ல, ள, ழ குழப்பமும் ர, ற குழப்பமும் சகஜம். காதல் நாவல்களில் திரும்பத் திரும்ப வருபவை சில உண்டு. 'கண்ணத்தில் முத்தமிட்டான்' என்பது 'கன்னத்தில்' என்றிருக்க வேண்டும். 'எண்ணவள்' அல்ல, 'என்னவள்'. 'ஓங்கி ஒரு அரை விட்டாள்' என்றால் பாதிதான் விட்டிருப்பாள். 'அறை' என்றால்தான் வலிக்கும். 'அவளை பார்த்தான்' என்பதில் ப் மிகும்: 'அவளைப் பார்த்தான்'. மனம், மணம் இரண்டும் சரியான சொற்களே என்பதால் திருத்தக் கருவிகள் பெரும்பாலும் காட்டாது. கண்ணால் பார்த்தால்தான் உண்டு.

படிக்கவே முடியாத அளவு பிழை இருந்தால் பொது விமர்சனத்தில் 'பிழைதிருத்தம் இன்னும் தேவை' என்று ஒரு வரி எழுதலாம். அதற்கு மேல் வேண்டாம்.

எத்தனை நட்சத்திரம் கொடுப்பது?

இங்கே பலர் தெரியாமல் தவறு செய்கிறார்கள். வாசகர்கள் புத்தகங்களை மதிப்பிடும் குட்ரீட்ஸ் தளத்தில் மூன்று நட்சத்திரம் என்றால் 'பிடித்திருந்தது' என்று பொருள், இரண்டு என்றால் 'பரவாயில்லை'. அமேசானிலோ நான்கும் ஐந்தும்தான் நல்ல பக்கம். மூன்று நட்சத்திரம் குறை சொல்லும் விமர்சனங்களோடு சேர்க்கப்படுகிறது. ஆக, 'நல்லா இருந்துச்சு' என்று மனதார எழுதிவிட்டு அமேசானில் மூன்று போட்டால் எழுத்தும் எண்ணும் ஒன்றையொன்று பொய்யாக்கும். பிடித்திருந்தால் அங்கே நான்கு போடுங்கள். அட்டை கிழிந்து வந்தது, தபால் தாமதம் போன்றவற்றுக்காகப் புத்தகத்துக்கு ஒரு நட்சத்திரம் போடுவது அநியாயம்.

எழுத்தாளரின் உறவினரோ நெருங்கிய தோழியோ என்றால் அமேசானில் எழுத வேண்டாம். அவர்கள் விதிப்படி அது நீக்கப்படும். பணமோ பரிசோ வாங்கிக்கொண்டு எழுதுவதற்கும் அங்கே தடை.

பாதியில் நிறுத்திய கதையை விமர்சிக்கலாமா?

எத்தனையாவது அத்தியாயத்தில், ஏன் நிறுத்தினீர்கள் என்று சொல்லிவிட்டு எழுதலாம். நட்சத்திரம் மட்டும் போடாமல் விடுங்கள்.

திருப்பங்களை எவ்வளவு சொல்லலாம்?

பின்னட்டையில் உள்ளதைத் தாராளமாகச் சொல்லலாம், முதல் கால்பகுதி வரை நடப்பதைத் தொட்டுக்காட்டலாம், அதற்குப் பிறகு நடப்பது வாசகருக்குச் சொந்தம். சேர்ந்துவிடுவார்கள் என்பது ரகசியம் அல்ல. எப்படிச் சேர்கிறார்கள் என்பதும், கடந்தகாலக் கதையில் இருக்கும் முடிச்சும் ரகசியம். குழந்தை இழப்பு, தற்கொலை முயற்சி போன்றவை கதையில் வந்தால் மட்டும், எங்கே என்று சொல்லாமல், இருக்கிறது என்று எச்சரித்துவிடுங்கள். இனிமையான கதை என்று நம்பிக் கையில் எடுப்பவர் எந்த மனநிலையில் இருக்கிறாரோ.

பிடித்த கதையைத் தளத்திலிருந்து நீக்கிவிட்டார்களே, இது நியாயமா?

பெரும்பாலும் கிண்டில் காரணம். கிண்டில் அன்லிமிடெட் என்ற சந்தாத் திட்டத்தில் இருப்பவர்கள் படிக்கும்படி புத்தகத்தை வைக்க வேண்டுமானால், அமேசானின் ஒப்பந்தப்படி அந்த மின்நூல் 90 நாள் தவணைகளில் வேறெங்கும் கிடைக்கக் கூடாது. தளத்தில் இலவசமாக இருந்தாலும் மீறல்தான். அச்சுப் புத்தகத்துக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. சிறு முன்னோட்டப் பகுதியை மட்டும் வெளியே வைத்துக்கொள்ளலாம். சில எழுத்தாளர்கள் ரீரன் என்று சில நாட்களுக்குத் திரும்பப் போடுவார்கள், அப்போது படித்துக்கொள்ளலாம். தவணைக்கு ஐந்து நாட்கள் வரை மின்நூலை இலவசமாகத் தரவும் எழுத்தாளருக்கு வழி உண்டு, அந்த அறிவிப்பைக் கவனியுங்கள்.

சந்தாவில் படிக்கும்போது, படித்த பக்கங்களின் எண்ணிக்கையை வைத்துத்தான் எழுத்தாளருக்குப் பணம் போகிறது, அதுவும் ஒரு வாசகர் முதல்முறை படிக்கும்போது மட்டும். இறக்கி வைத்துவிட்டுத் திறக்காமலே விட்டால் அவருக்கு ஒரு காசும் இல்லை.

பி.டி.எஃப். கேட்பதும் அனுப்புவதும்?

கேட்க வேண்டாம், அனுப்ப வேண்டாம். விமர்சனத்துக்காகச் சில வரிகளை எடுத்துப்போட 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருகிறது. முழு நாவலைக் குழுவில் பகிர அது இடம் தரவில்லை.

கனிவாக எழுதியும் எழுத்தாளர் கோபித்துக்கொண்டால்?

ஒரு நாள் பதில் சொல்லாமல் இருங்கள். பிறகு உங்கள் விமர்சனத்தை நீங்களே ஒருமுறை படியுங்கள். கதையில் இல்லாத ஒன்றைத் தவறாகச் சொல்லியிருந்தால் திருத்திவிட்டு, திருத்தியதாகக் குறிப்பும் போடுங்கள். சொன்னது சரியாக இருந்தால் அப்படியே இருக்கட்டும். நீக்கவும் வேண்டாம், கருத்துப் பெட்டியில் வாதாடவும் வேண்டாம். அவருடைய அடுத்த கதை உங்களுக்குப் பிடித்தால் அதற்கும் எழுதுங்கள். பிடித்த காட்சியின் அத்தியாய எண்ணைப் போட மறக்காமல்.